குட்டியா... வேற இனமா?
'நரக ஓடை'யில் ஒரு டைனோசர் டூர்!

பனைமரத்தையே பார்த்திராத ஒருத்தர் உங்கள் ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் நுங்கு வெட்டிக் கொடுக்கிறீர்கள். ஆவணியில் சுட்ட பனம்பழம். தை பிறந்ததும் அவித்த பனங்கிழங்கு. "இந்த மூணும் எந்தெந்த மரத்துல காய்க்குது?"ன்னு அவர் கேட்டால் சிரிக்காதீங்க. ஒன்று வழுவழு ஜெல்லி. இன்னொன்று நாரும் வாசனையுமா ஆரஞ்சு நிறம். மூன்றாவது மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. பனை எப்படி வளருதுன்னு தெரியாத ஆளுக்கு இது மூன்றும் மூன்று சமாச்சாரம்தான்!

டைனோசர் ஆராய்ச்சியாளர்களும் நூறு வருஷத்துக்கு மேலாக இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். குட்டிக்கு ஒரு பேர், விடலைக்கு ஒரு பேர், பெரிசுக்கு ஒரு பேர். கடைசியில் பார்த்தால் மூன்றும் ஒரே விலங்கோ என்று சந்தேகம்! இந்தக் கூத்து அதிகமாக நடந்த இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். விசா, டிக்கெட் எதுவும் வேண்டாம். கிளம்புங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்.

முதல் ஸ்டாப்: போஸ்மன்

மொன்டானா பரப்பளவில் தமிழ்நாட்டைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மக்கள்தொகையோ 11 லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போகிறவர்கள் வந்து இறங்கும் ஊர்களில் ஒன்று போஸ்மன். இங்கே மொன்டானா ஸ்டேட் யுனிவர்சிட்டியோடு சேர்ந்த ஒரு மியூசியம் இருக்கிறது. பெயர், மியூசியம் ஆஃப் த ராக்கீஸ். வாசலிலேயே வெண்கலத்தில் ஒரு டைனோசர் எலும்புக்கூடு வாயைப் பிளந்தபடி நிற்கும். 'பிக் மைக்' என்று செல்லப் பெயர். டைரனோசாரஸ் ரெக்ஸ், அதாவது நம்ம டி. ரெக்ஸ்!

அதோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே வாங்க. பெரிய எலும்புக்கூடுகளை விட்டுவிட்டு, டிரைசெரடாப்ஸ் மண்டை ஓடுகளை வரிசையாக வைத்திருக்கும் பக்கம் போங்கள். மூன்று கொம்பு, கழுத்துக்குப் பின்னால் விசிறி மாதிரி எலும்புத் தட்டு... குழந்தைகளின் பென்சில் பாக்ஸில்கூட இருக்குமே, அதேதான். சின்னதில் ஆரம்பித்துப் பெரியது வரை ஒரே இனத்தின் வளர்ச்சியை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

கிடைத்ததிலேயே சின்ன டிரைசெரடாப்ஸ் மண்டை ஓட்டின் நீளம் 38 சென்டிமீட்டர். பெரியது 2 மீட்டருக்கு மேல்! சைஸ் மட்டும் மாறியிருந்தால் பிரச்னையே இல்லை. வடிவமும் மாறுகிறது. குட்டிக்குக் கண்ணுக்கு மேலே இருப்பது வெறும் மொட்டு. விடலைப் பருவத்தில் அந்தக் கொம்பு பின்பக்கமாக வளைகிறது. பெரிதானதும் அதே கொம்பு முன்பக்கமாகத் திரும்பிவிடுகிறது! விசிறியின் ஓரத்தில் குட்டியாக இருக்கும்போது முக்கோணம் முக்கோணமாகத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகள், வயதாக ஆக அமுங்கித் தட்டையாகிவிடுகின்றன.

நடுவில் இருக்கும் மண்டை ஓடுகள் கிடைக்காமல், பின்னால் வளைந்த கொம்பு ஒன்றும் முன்னால் வளைந்த கொம்பு ஒன்றும் மட்டும் கையில் இருந்திருந்தால்? நீங்களும் நானும்கூட இரண்டு பேர் வைத்திருப்போம். ஜாக் ஹார்னரும் மார்க் குட்வினும் இந்த வளர்ச்சி வரிசையை 2006-ல் விளக்கினார்கள். இந்த ஹார்னர்தான் 'ஜுராசிக் பார்க்' படத்துக்கு ஆலோசகராக இருந்தவர். 2016 வரை இதே மியூசியத்தில் பணிபுரிந்தார்.

"டிரைசெரடாப்ஸே கிடையாதா?"

2010-ல் ஒரு குண்டு வெடித்தது. ஹார்னரும் அவருடைய மாணவர் ஜான் ஸ்கனெல்லாவும், "டோரோசாரஸ் என்று தனியாக ஒன்று இல்லை. அது முழுசாக வளர்ந்த டிரைசெரடாப்ஸ்தான்" என்று கட்டுரை வெளியிட்டார்கள். டோரோசாரஸின் விசிறி ரொம்பப் பெரியது, அதில் இரண்டு ஓட்டைகள். டிரைசெரடாப்ஸ் விசிறியில் ஓட்டை கிடையாது. ஆனால், சில டிரைசெரடாப்ஸ் விசிறிகளில் அதே இடத்தில் எலும்பு மெலிந்துகொண்டே வருகிறது. அங்கேதான் பின்னால் ஓட்டை விழுகிறது என்பது அவர்கள் வாதம்.

உடனே பத்திரிகைகளில் 'டிரைசெரடாப்ஸே இல்லையாம்!' என்று தலைப்பு. சின்ன வயசு ஹீரோவைக் காணோம் என்று ரசிகர்கள் புலம்பல் வேறு. நிஜத்தில் பயப்பட ஒன்றுமில்லை. விலங்குக்குப் பெயர் வைப்பதில் ஒரு ரூல் உண்டு. இரண்டு பெயரும் ஒரே விலங்குக்கு என்று தெரிந்தால், முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். டிரைசெரடாப்ஸ் 1889-ல் வைத்த பெயர், டோரோசாரஸ் 1891. போவதாக இருந்தால் டோரோசாரஸ்தான் போகணும்.

அதுவும் சுலபமாகப் போகவில்லை. 2012-ல் இன்னொரு குழு, "டோரோசாரஸிலும் முழுசாக வளராதது இருக்கிறது, டிரைசெரடாப்ஸிலும் வயதானது இருக்கிறது. அப்புறம் எப்படி ஒன்று இன்னொன்றாக மாறும்?" என்று கேட்டது. கேள்வி நியாயம்தானே? அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

500 கிலோமீட்டர்... ஒரே மண்மேடு!

மியூசியத்தில் பார்த்த எலும்புகளில் நிறைய எங்கிருந்து வந்ததோ, அங்கே போகலாம். போஸ்மனிலிருந்து பில்லிங்ஸ் வழியாகக் கிழக்கே சுமார் 500 கிலோமீட்டர். மலைகள் பின்னால் மறைந்து, கோதுமை வயலும் புல்வெளியும் வந்து, அதுவும் தீர்ந்து, ஜோர்டன் என்ற ஊர் வரும். சுமார் 350 பேர் வாழும் ஊர். நம்ம ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் மொத்த ஊரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம்!

ஜோர்டனுக்கு வடக்கே போனால் ஹெல் க்ரீக். தமிழில் 'நரக ஓடை'. சாம்பல், பழுப்பு, ஊதா என்று பட்டை பட்டையாகக் கோடு போட்ட மொட்டை மேடுகள். மரம் இல்லை, நிழல் இல்லை. மழை பெய்தால் களிமண் பசை மாதிரி ஆகி, டயரையும் செருப்பையும் பிடித்துக்கொள்ளும். 'கம்போ' என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது இந்த மண்ணைத்தான்.

1902-ல் பார்னம் ப்ரவுன் என்பவர் இந்தப் பக்கம் வந்து தோண்டினார். கிடைத்த எலும்புகளுக்கு 1905-ல் ஹென்றி ஆஸ்போர்ன் வைத்த பெயர்தான் டைரனோசாரஸ் ரெக்ஸ். உலகத்தின் முதல் டி. ரெக்ஸ் பேட்டை இது!

மேட்டின் உச்சியை நோக்கிப் பாருங்கள். இந்தப் பட்டைகள் டைனோசர்களின் கடைசி 20 லட்சம் வருஷத்தின் டைரி. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கோடு வரும். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் வந்து மோதிய நேரம் அது. கோட்டுக்கு மேலே டி. ரெக்ஸும் இல்லை, டிரைசெரடாப்ஸும் இல்லை.

இப்போ புரிகிறதா, குட்டியா வேற இனமா என்ற கேள்வி ஏன் முக்கியம் என்று? விண்கல் விழுந்தபோது இங்கே எத்தனை வகை டைனோசர் இருந்தது? நிறைய வகை இருந்தால், நன்றாக வாழ்ந்த கூட்டம் ஒரே அடியில் அழிந்தது என்று அர்த்தம். கொஞ்சம் வகைதான் என்றால், ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்ததோ என்று யோசிக்கணும். குட்டிகளை எல்லாம் தனித்தனி இனம் என்று எண்ணினால் கணக்கே தப்பாகிவிடும்.

ஹாரி பாட்டர் டைனோசர்

ஹெல் க்ரீக் என்பது இந்த ஓடை மட்டும் இல்லை. அதே பாறை அடுக்கு பக்கத்து மாநிலங்களான வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா வரை நீள்கிறது. தெற்கு டகோட்டாவில் கிடைத்த ஒரு மண்டை ஓடு 2004-ல் இண்டியானாபொலிஸ் நகரத்தின் குழந்தைகள் மியூசியத்துக்கு வந்தது. தட்டையான தலை, நீண்ட மூக்கு, சுற்றிலும் முள்முள்ளாகக் கொம்பு. அச்சு அசல் கதைப் புத்தகத்து டிராகன்! 2006-ல் அதற்கு வைத்த பெயர், டிராகோரெக்ஸ் ஹாக்வார்ட்ஸியா. ஆமாம், ஹாரி பாட்டர் படித்த அதே ஹாக்வார்ட்ஸ்தான்.

இதே பாறையில் ஸ்டிஜிமோலாக் என்று ஒன்று 1983-லிருந்தே இருந்தது. தலையில் சின்ன மேடு, பின்னால் நீளமான கொம்புகள். பேக்கிசெஃபலோசாரஸ் அதைவிடப் பழைய ஆள். தலையில் ஹெல்மெட் மாதிரி 20 சென்டிமீட்டருக்கு மேல் கெட்டியான எலும்பு, பின்னால் மழுங்கிய குமிழ்கள்.

மூன்றையும் வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். தட்டைத் தலை, சின்ன மேடு, பெரிய ஹெல்மெட். நீளும் கொம்பு, அப்புறம் மழுங்கும் கொம்பு. 2009-ல் ஹார்னரும் குட்வினும் சொன்னது இதைத்தான்: டிராகோரெக்ஸ் சின்னது, ஸ்டிஜிமோலாக் விடலை, பேக்கிசெஃபலோசாரஸ் பெரிசு. மூன்று பேர், ஒரே விலங்கு!

நம்ம வால்பாறைப் பக்கம் பெரிய இருவாச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? அலகுக்கு மேல் மஞ்சளாக ஒரு கொண்டை இருக்குமே... குஞ்சுக்கு அது கிடையாது. வளர்ந்து முழு வடிவம் வரச் சில வருஷங்கள் ஆகும். பறவைகள் டைனோசர் வம்சம்தான். ஆக, 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது இந்த வம்சத்திடம் செல்லாது. முளைக்கும் பயிருக்கும் சம்பந்தமே இருக்காது!

எலும்பை அறுத்துப் பார்!

சரி, ஒரு எலும்பு குட்டியுடையதா, சின்ன இனத்துடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சைஸை நம்ப முடியாது. வடிவத்தையும் நம்ப முடியாது. மிச்சம் இருப்பது ஒரே வழி. ரம்பம்!

எலும்பை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள். மரத்தில் இருக்கிற மாதிரி வளையங்கள் தெரியும். கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒன்று. வளையங்களுக்கு இடையே இடைவெளி அதிகம் என்றால் பிள்ளை வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. வெளி ஓரத்தில் வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தால் வளர்ச்சி முடிந்தது, ஆள் பெரிசு. உடம்பு வெளியே என்ன வேஷம் போட்டாலும் எலும்பு உள்ளே வயசை எழுதி வைத்துவிடுகிறது.

ஆனால், பொக்கிஷம் மாதிரி வைத்திருக்கும் எலும்பை அறுக்கச் சொன்னால் எந்த மியூசியத்துக்குத்தான் மனசு வரும்? அதோடு குட்டி எலும்புகள் கிடைப்பதும் குறைவு. மெல்லிசு என்பதால் சீக்கிரம் நொறுங்கிவிடும். அந்தக் காலத்தில் தோண்டப் போனவர்களும், மியூசியத்தில் நிறுத்தினால் கூட்டம் வரும் என்று பெரிய மண்டை ஓடுகளைத்தான் தேடினார்கள். ஆல்பத்தில் நடுப் பக்கங்கள் காணாமல் போனது இப்படித்தான்.

இத்தனைக்கும் முன்னாடியே எச்சரிக்கை வந்தது. 1975-ல் பீட்டர் டாட்சன் என்பவர் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த, கொண்டை வைத்த டைனோசர்களை அளந்து பார்த்தார். 12 இனங்கள் என்று எழுதி வைத்திருந்தது கடைசியில் மூன்றாகச் சுருங்கியது. மற்றதெல்லாம் குட்டிகளும், ஆண் பெண் வித்தியாசமும் என்றார் அவர்.

கதையில் ஒரு ட்விஸ்ட்

'அப்போ சின்னதாக எது கிடைத்தாலும் குட்டிதான்' என்று முடிவு கட்டிவிட்டீர்களா? அங்கேதான் நம்ம கதை திரும்புகிறது.

1942-ல் மொன்டானாவில் ஒரு சின்ன மண்டை ஓடு கிடைத்து, க்ளீவ்லேண்ட் நகர மியூசியத்துக்குப் போனது. டி. ரெக்ஸ் மாதிரியே, ஆனால் நீளம் 60 சென்டிமீட்டர்கூட இல்லை. 1988-ல் அது தனி இனம், நானோடைரனஸ் என்றார்கள். 1999-ல் தாமஸ் கார் என்பவர், "இல்லை, இது டி. ரெக்ஸ் குட்டி" என்றார். 2001-ல் அதே மொன்டானாவில் 'ஜேன்' கிடைத்தாள். ஆறரை மீட்டர் நீளம், ஒல்லியான கால். 2020-ல் ஜேனின் எலும்பை அறுத்துப் பார்த்தார்கள். சுமார் 13 வயது, இன்னும் வளர்கிற உடம்பு! வழக்கு முடிந்தது, நானோ என்று ஒன்று இல்லை என்றே பல பேர் நம்பினார்கள்.

இதற்கிடையில், 2006-ல் மொன்டானாவில் ஒரு தனியார் பண்ணை நிலத்தில் அபூர்வமான ஜோடி ஒன்று கிடைத்திருந்தது. ஒரு டிரைசெரடாப்ஸ், பக்கத்திலேயே சின்ன டைரனோசார். சண்டை போட்டபடியே செத்தது போலக் கிடந்ததால் 'டூயலிங் டைனோசர்ஸ்' என்று பெயர். 2013-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்த்த விலை வரவில்லை. நிலம் யாருக்கு, எலும்பு யாருக்கு என்று கோர்ட்டு, கேஸு. ஒருவழியாக 2020-ல் வடக்கு கரோலினாவின் ராலே நகர மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது.

அங்கே லிண்ட்ஸே ஸான்னோவும் ஜேம்ஸ் நாபோலியும் எலும்பை அறுத்தார்கள். வளையங்களை எண்ணினார்கள். சுமார் 20 வயது. வளர்ச்சி முடிந்துபோன உடம்பு! எடையோ, முழுசாக வளர்ந்த டி. ரெக்ஸில் பத்தில் ஒரு பங்குதான். வாலில் எலும்புகள் குறைவு, வாயில் பற்கள் அதிகம், கை டி. ரெக்ஸ் கையைவிடப் பெரியது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொம்பு வளையலாம், மண்டை மேடாகலாம். ஆனால், குட்டியாக இருக்கும்போது நீளமாக இருந்த கை, வளர்ந்த பிறகு சுருங்குமா?

2025 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது: நானோடைரனஸ் தனி இனம். நம்ம ஜேனும் டி. ரெக்ஸ் இல்லையாம். அவள் நானோவிலேயே இன்னொரு வகை, நானோடைரனஸ் லெத்தேயஸ்! அதே வருஷம் டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வேறொரு குழு எழுதியது. க்ளீவ்லேண்டில் இருப்பது வெறும் தலை, வளையம் எண்ணக் கால் எலும்பு இல்லை. அவர்கள் நாக்கைத் தாங்கும் தொண்டை எலும்பை எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் குட்டி இல்லை, வளர்ந்த ஆள்தான் என்றது.

இதில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாத விஷயம் ஒன்று உண்டு. டி. ரெக்ஸ் எப்படி வளர்ந்தது, விடலையில் எவ்வளவு வேகமாக ஓடியது என்றெல்லாம் பல வருஷமாக எழுதிய ஆராய்ச்சிகள் நிறைய, ஜேன் மாதிரி எலும்புகளை நம்பி எழுதியவை. இப்போது அவற்றைத் திரும்பக் கணக்குப் போடணும். நிஜமான டி. ரெக்ஸ் விடலைகள் எங்கே என்று புதிதாகத் தேடவும் வேண்டும். 2013 ஏலத்தில் யாராவது கோடீஸ்வரர் வாங்கி வீட்டு ஹாலில் நிறுத்தியிருந்தால், அந்த எலும்பை அறுத்துப் பார்க்க யாரும் அனுமதி கேட்டிருக்கவே முடியாதோ என்னவோ. நானோ இன்னமும் 'ரெக்ஸ் குட்டி'யாகவே இருந்திருக்கும்!

ஆக, தப்பு இரண்டு பக்கமும் நடக்கலாம். குட்டியை வேற இனம் என்று சொல்வது ஒன்று. வேற இனத்தைக் குட்டி என்று ஓரங்கட்டுவது இன்னொன்று. பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னவர்கள் இரண்டு பக்கமும் சறுக்கியிருக்கிறார்கள். எந்த எலும்பு எந்தப் பருவத்துடையது என்று பொறுமையாக எண்ணியவர்கள்தான் கேஸை நகர்த்தினார்கள். காலேஜில் ஜியாலஜி, விலங்கியல் படிக்கிறவர்களே... ஹெல் க்ரீக்கில் உங்களுக்கும் வேலை பாக்கி இருக்கிறது. டோரோசாரஸ் கேஸ் இன்னும் ஓப்பன்!

நிஜமாகவே போக நினைத்தால்...

* ஜூன் முதல் செப்டம்பர் வரை பெஸ்ட். குளிர்காலத்தில் பனி மூடிவிடும், மேட்டில் எதுவுமே தெரியாது.

* மழை வரும் போலிருந்தால் மண் ரோட்டில் வண்டியை இறக்காதீங்க. கம்போவில் சிக்கினால் காய்கிற வரை காத்திருக்க வேண்டியதுதான்.

* தண்ணீர், பெட்ரோல் இரண்டையும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த ஊர் ரொம்பத் தூரம்.

* கிளென்டைவ் ஊர்ப் பக்கம் மகோஷிகா ஸ்டேட் பார்க் இருக்கிறது. மொன்டானாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா. ஹெல் க்ரீக் பாறைகளுக்கு நடுவே நடந்தே சுற்றலாம்.

* 'மொன்டானா டைனோசர் ட்ரெயில்' என்று மாநிலம் முழுக்க உள்ள டைனோசர் மியூசியங்களைக் கோத்து வைத்திருக்கிறார்கள். அதற்கென்று ஒரு குட்டி பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டால், ஒவ்வோர் இடத்திலும் ஸ்டாம்ப் குத்திக்கொள்ளலாம்.

* தரையில் எலும்பு மாதிரி எது தெரிந்தாலும் கையில் எடுக்காதீங்க! அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் டைனோசர் எலும்பை எடுப்பது குற்றம். தனியார் நிலத்தில் அது நிலத்துக்காரருக்குச் சொந்தம். ஒரு போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்து மியூசியத்தில் சொல்லுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் பாதிக் கதை போச்சு!